ஒரு போல்ட் மிச்சம்

டுலூத்தில் நவம்பர்.
கராஜுக்குள்ளும் மூச்சு வெள்ளையாகத்தான் வருகிறது.
சங்கிலியில் தொங்குகிறது
அறுநூறு டாலர் இன்ஜின்.
பின்னாலிருந்து லாரி மோதி நசுங்கிய
யாரோ ஒருவரின் காரில் இருந்தது;
இதன்மேல் ஒரு கீறல் இல்லை.

"ஆட்டோமேட்டிக்கில் ஓடினது," என்றான் ஓரின்
வியாதியைச் சொல்வதுபோல.
லட்சம் மைல் போயிருக்கிறது.
ஒருமுறைகூட விட்டுப் பிடித்ததில்லை.

என் பழைய இன்ஜினின் ஃப்ளைவீலைக் கழற்றி
இதற்குப் பூட்டினோம்.
எட்டு போல்ட். குறுக்காக முறுக்கணும்.
எண்ணிக்கொண்டே வந்தவன்
ஏழுக்குப் பதில்
"மார்" என்றான்.
மூன்று வருஷமாக நான் அவனுக்கு மார்லிஸ்.

இன்ஜின் தூக்கி அவனுடையது, கராஜ் என்னுடையது.
கோர்ட் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தது.

கியர்பாக்ஸ் தண்டு கிளட்ச் தட்டின் பல்லில்
ஏற மறுத்தது.
விரல் நுழையும் இடைவெளி.
"போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாமே?"
"இழுத்தால் ஏதாவது உடையும்."
முன்பும் அதைத்தான் செய்தோம்,
இருவருமே சொல்லவில்லை.
கிராங்க்கில் ஸ்பானரை வைத்து
மயிரிழை திருப்பினேன்.
அவன் கியர்பாக்ஸைத் தோளால் லேசாக அசைத்தான்.
ளக்.
விரலைக் காணோம் என்று பதறி எடுத்தேன்,
இருந்தது.

இரவு இரண்டு மணி. முதல் கியர்.
இடது கால் மேலே வர வர
இரண்டு தடவை நின்றது.
மூன்றாவதில் தெருவுக்கு வந்துவிட்டேன்.

கண்ணாடியில் ஓரின்,
எதையோ உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான்:
"இது எங்கேயது?"

ஏரிவரை இறக்கம்தான்.
இரண்டாவது கியர் போட்டேன்.