நூறு பேரில் எத்தனையாவது

சேர்க்கை முகப்பு, இரண்டாம் மாடி, ஈசூன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோட்டைச்சாமி,
சக்கர நாற்காலியில் ஒரு காலை நீட்டியபடி.
பாசிர் பாஞ்சாங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவர்.
இடுப்பெலும்பு. நாளை காலை அறுவை.

நான் ஒப்பிக்கிறேன்:
சி வகுப்பில் இந்தச் சிகிச்சைக்கு
நூறு பேரில் ஐம்பது பேர் கட்டியது இதற்குள்,
தொண்ணூறு பேர் கட்டியது இதற்குள்.
இரண்டு தொகையையும் பேனாவால் வட்டமிடுகிறேன்.
இரண்டுக்கும் நடுவே
அவருடைய மூன்று மாதச் சம்பளம் படுத்திருக்கிறது.

தாளைத் திருப்பினார். வெறுமை.
மறுபடி திருப்பினார்.
"தங்கச்சி, இதுல நான் எத்தனையாவது ஆளு?"

பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வி வரவில்லை.
மற்றவற்றுக்கெல்லாம் பதில் உண்டு.
சி வகுப்புன்னா வேற கத்தியா? அதே கத்தி.
வேற டாக்டரா? அதே டாக்டர்தான்,
இன்னார் வேண்டும் என்று கேட்க முடியாது.
ஏர்கான்? காற்றாடி.
மெடிசேவ் போதுமா? உங்களுடையது போதாது.

மிச்சத்துக்கு மலர்க்கொடி கையெழுத்திட்டார்.
உணவங்காடியில் தட்டு கழுவிவிட்டு நேராக வந்தவர்;
ஈர விரலில் பேனா இரண்டு முறை வழுக்கியது.
அவரைத் தள்ளிக்கொண்டு போன பிறகு
கண்ணாடித் துளைக்கு வாயைக் கொண்டுவந்து சொன்னார்:
"அவருக்குத் தெரிய வேணாம்.
என் கண் ஆபரேஷனுக்கு வெச்சிருந்தது."

ஆறாம் நாள் ஒரு மின்னஞ்சல்.
படுக்கை இருபத்து மூன்று ஏன் இன்னும் காலியாகவில்லை?
அதுவும் நியாயம்தான்.
கீழே அவசரப் பிரிவில் தள்ளுகட்டிலில் பதினேழு பேர்,
ஒருவர் நேற்று மதியத்திலிருந்து
வழிகாட்டிப் பலகையின் அடியிலேயே.

படிவத்தோடு மேலே போனேன்.
"சும்மாதானே நிக்கிறே, காலைப் பிடி,"
என்றார் தாதி ஏ மியாட், அவருடைய ஆங்கிலத்தில்.
பிடித்தேன்.
எழுபத்தொரு கிலோ.
நானே தட்டச்சு செய்த எண்.
முழங்காலுக்குக் கீழே மட்டும் இவ்வளவு கனம் என்று
எந்தக் கட்டத்திலும் இல்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, புரட்டினோம்.
கோட்டைச்சாமி கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்,
உடனே மன்னிப்புக் கேட்டார்,
தலையணையிடம்.
ஏ மியாட் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.
இரண்டு மணிக்கொரு முறை. பதினொரு கட்டில்.

வீட்டுக்குப் போகலாமே, என்றேன்.
போகலாம்.
கழிவறை வாசலில் ஆறு அங்குலத் திண்டு.
வீடமைப்புக் கழகத்தின் சாய்தளம் வர மூன்று வாரம்.
சமூக மருத்துவமனையில் இடம், எட்டு நாள்.
மலர்க்கொடிக்கு வேலை விடியற்காலை ஐந்தரைக்கு.

மெடிஃபண்ட் விண்ணப்பத்தில்
'உதவி கோரும் காரணம்' என்று ஒரு கட்டம்.
இருநூறு எழுத்துக்குமேல் ஏற்காது.
குடும்ப வருமானம் குறைவு என்று அடித்தேன்.
அழித்தேன்.
திண்டு, ஆறு அங்குலம் என்று அடித்தேன்.
மேலாளர் நூருல் கூப்பிட்டு, இது என்ன என்றார்.
உயரம், என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
வருமானத்தையும் சேர்த்து எழுது, என்றார்.
பாதித் தொகைக்கு ஒப்புதல் வந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசி.
மூன்று பிரிவுக்கு மாற்றி மாற்றி
என்னிடம் வந்து சேர்ந்திருந்தார்.
"தங்கச்சி, கணக்குப் போட்டுப் பாத்தேன்.
நான் அறுபத்து நாலாவது ஆளு. சரியா?"
சரியாத்தான் இருக்கும், அண்ணே.
"அப்ப எனக்கு மேல முப்பத்தாறு பேரு."
ஆமாம்.
"கட்டிட்டாங்களா?"

முகப்பில் அடுத்த எண் மின்னியது.
நான் அழைக்கவில்லை.

அந்தப் பக்கம் காகிதம் பிரியும் சத்தம்.
"பில்லுல ரெண்டாவது வரியில
மலர்க்கொடி பேரு இருக்கு.
என்கிட்ட யாரும் சொல்லல.
சரி, அது கெடக்கட்டும்.
கண்ணுக்கு எவ்வளவு ஆகும்?
ஐம்பது பேருக்கு ஒண்ணு, தொண்ணூறு பேருக்கு ஒண்ணு,
ரெண்டையும் சொல்லுங்க.
பேனா எடுத்துட்டேன்."