பதினோரு இரவுகளின் உப்பு

கடிதம் மெலிதாக இருந்தது.
கிடைத்தவர்களுக்கு வரும் உறை தடிமன் என்று
லோர்க்கன் முன்பே சொல்லியிருந்தான்.
அம்மா மருந்துக்கடையிலிருந்து வரும்வரை
ரொட்டிப்பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தேன்,
பிரிக்காமலே தெரியும் என்றாலும்.

"குடும்ப வருமானம் வரம்பைவிட
இருநூற்றுப் பதினான்கு யூரோ அதிகம்.
ஆகவே வருந்துகிறோம்."

அதிகம்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக்
கரண்ட் பில்லுக்குத்தான் இதுவரை சொல்லியிருக்கிறோம்.

அப்பா ராஸ்காமன் கவுண்டியின் உப்பு வண்டி ஓட்டுகிறார்.
அவர்கள் கணக்கில் எடுத்த வருஷம், ஜனவரியில்,
பதினோரு இரவு தார்ச்சாலை கண்ணாடியாய் இறுகியது.
இரண்டரை மணிக்குத் தொலைபேசி அடிக்கும்.
பூட்ஸுக்குள் கால் நுழையும் சத்தம்,
பின்கதவு,
ஒரு மணி கழித்து எங்கள் தெருவில் வண்டி:
ஆரஞ்சு விளக்கு என் அறைச் சுவரை
ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும்.
அந்த மேல்நேரக் கூலியில் வாங்கியதுதான்
நான் விண்ணப்பம் நிரப்பிய லேப்டாப்.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
கடைசி இரண்டு இரவு
சளி என்று சொல்லி அவர் படுத்திருந்தால்
எனக்குத் தகுதி உண்டு.
படுக்கவில்லை. ஆகவே நாங்கள் வசதி.

வசதி என்றால்
பத்தொன்பது வருஷ வீட்டுக்கடன் பாக்கி,
தம்பியின் பல் கம்பிக்கு மூன்றாம் தவணை,
காரில் இடப்பக்கம் மட்டும் வேலை செய்யும் ஹீட்டர்.
படிவத்தில் இவற்றுக்குக் கட்டம் இல்லை.

லோர்க்கன் எனக்கு ஒரு வருஷம் மூத்தவன்.
அவன் வீட்டில் நூற்றிருபது மாடு,
ஒரு நல்ல கணக்காளர்,
காகிதத்தில் மூன்று வருஷமாக நஷ்டம்.
முழு உதவித்தொகை.
முதல் தவணை வந்த அன்று
எனக்கு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தந்தான்,
வினிகர் சொட்டச் சொட்ட.
அவன் உப்பைத் தின்றவள்,
மேலே சொல்ல மாட்டேன்.

மேல்முறையீட்டுப் படிவம் கேட்டது:
வருமானத்தில் ஏற்பட்ட மாற்றம் நிரந்தரமானதா?
அப்பா பேனாவைப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். ஆகஸ்ட் மழை.
"பனி நிரந்தரமான்னு கேக்கறான்" என்றார்.
அம்மா சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை நிறுத்த
அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முறையீடு தள்ளுபடி.

கால்வேயில் ஓர் அறையின் வாடகை
அம்மா சம்பளத்தில் பாதிக்கு மேல்.
அதனால் பஸ். போக ஒன்றே முக்கால் மணி,
வர இரண்டு.
கடலியல் படிக்கிறேன்.
நீர் எந்த இடத்தில் உறையத் தொடங்குமோ
அந்த வரம்பை உப்பு கீழே இறக்கும் என்று
பேராசிரியர் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினார்.
பக்கத்திலிருந்தவள் வேகமாக எழுதிக்கொண்டாள்.
நான் எழுதவில்லை.

நவம்பர் பதினெட்டு. இரண்டரை.
தொலைபேசி அடித்தது.
மூன்று தடவை. நான்கு.
அம்மா ஏதோ சொன்னாள், தொகை போலக் கேட்டது.
அப்பா பதில் பேசவில்லை.
எடுக்காதே என்று நினைத்தேன்,
சுவருக்கு இந்தப் பக்கம்,
வாயைத் திறக்காமல்.

ஆறாவதில் எடுத்தார்.
பூட்ஸ். கதவு.

ஆறரை பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தது.
சக்கரத்தடியில் பொரபொரவென்று அரைபடும் சத்தம்
அத்லீக் தாண்டியும் கூடவே வந்தது.
பாலிகாருக்குச் சற்று முன்னால்
கவுண்டி எல்லைப் பலகை.
சத்தம் அங்கே நின்றது.
டிரைவர் ஒன்றும் சொல்லாமல்
வேகத்திலிருந்து காலை எடுத்தார்.