நாலு கம்பிக்காரன்

"நாலுதானுங்களா? மிச்ச ரெண்டும் அறுந்துபோச்சுங்களா?"
வெள்ளகோவில் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பியில்
பொரி தின்றுகொண்டே கேட்டார் மைக்செட்டுக்காரர்.
ஆமாங்க, என்றேன்.
பதினெட்டு வருசத்தில் எல்லாப் பதிலையும் சொல்லிப் பார்த்தாயிற்று,
இதுதான் சீக்கிரம் முடிகிறது.

பகலில் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங்.
தாமிரம் சுற்றிச் சுற்றி
விரல்நுனித் தோல் செத்துக் கிடக்கும்.
ராத்திரிக் கம்பிக்கும் அதே தோல்,
தனியாக வளர்க்க வேண்டியதில்லை.
வார்னிஷ் வாசம்தான் போகாது.
பாட வரும் வளர்மதி என்னைத் தாண்டும்போது
மூக்கைச் சுளித்துவிட்டு
மைக் முன்னால் போய்ச் சிரிப்பாள்.

பட்டறைக்கு எதிரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.
நாளெல்லாம் அது முனகும் சுருதிக்கு
என் மெல்லிய கம்பி ஒரு மயிரிழை கீழே நிற்கும்.
ட்யூனர் வாங்கக் காசில்லாத காலத்தில்
அதைக் கேட்டுத்தான் முறுக்குவேன்.
கரண்டு போனால் நான் அபஸ்வரம்.

ஒரு செட் கம்பி ரெண்டாயிரத்துச் சொச்சம்.
ஒரு கச்சேரிக்கு எனக்கு ஆயிரத்து இருநூறு.
அதனால் புதுசு வாங்குவதில்லை,
பழசைக் கழற்றி வேகவைப்பேன்.
அழுக்கு பிரிந்து வெளியே வந்தால்
இன்னும் ரெண்டு மாசம் கணீரென்று பேசும்.
"ஒறம்பரை வந்து உக்காந்திருக்காங்க,
அடுப்புல கம்பி கொதிக்குது,
நான் என்னத்தைச் சொல்றது?"
தமயந்தி கேட்டதற்கு
இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

திரும்பும் ராத்திரிகள் பிடிக்கும்.
தாராபுரம் ரோட்டில் காற்றாலைகள்
ஒன்று விட்டு ஒன்று சிவப்பாய்க் கண் சிமிட்டும்.
வேனில் எல்லாரும் வாய் திறந்து தூங்க
டிரம்ஸ் ஆரோன் மட்டும்
என் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு வருவான்,
"மூணாவது பாட்டுல நீ முந்திட்டண்ணே."
"நீ பிந்திட்டே."
அவிநாசிப்பாளையம் வரை இதே வழக்கு.

போன மாசம் தெய்வசிகாமணி அண்ணன் கூப்பிட்டார்.
"கீபோர்டுல எடது கையிலயே
பேஸ் வந்துருது தம்பி. சித்தோட்டுல
ஸ்டேஜும் சின்னதாமா."
சரிங்க, என்றேன்.
கோபத்துக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான்
எங்கள் பக்கம் வெளியே விட முடியும்.

பெண் வீட்டார் என் கஸ்டமர்,
மொய் வைக்காமல் இருக்க முடியாது.
ஐந்நூறு எழுதிவிட்டு
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.
கீழ் ஸ்வரமெல்லாம் வந்தது,
கழுவி வைத்த டம்ளர் மாதிரி, ஒரு பிசகில்லாமல்.
யாருக்கும் எதுவும் குறையவில்லை.
ரெண்டாம் சரணம் முடியும் இடத்தில்
ஆரோன் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பினான்,
நான் நின்று தலையசைக்கும் இடம்.
அங்கே ஒரு பெடஸ்டல் ஃபேன் நின்றிருந்தது.
அதுவும் தலையை ஆட்டியது,
மெதுவாக, இல்லை இல்லை என்பது போல.
ஆரோன் அரை மாத்திரை தடுமாறியதை
அந்த மண்டபத்தில் ரெண்டு பேர் கேட்டோம்.

பந்தியில் பாயசம் ரெண்டாம் முறை வாங்கினேன்.

திங்கட்கிழமை ஒரு போர்வெல் மோட்டார்.
சுற்றி முடித்து, காயவைத்து,
தரையில் கிடத்தி லைன் கொடுத்தேன்.
சுவிட்சைத் தட்டியதும்
எதிர் டிரான்ஸ்ஃபார்மரோடு போய்ச் சேர்ந்துகொண்டது.
தோட்டத்துக்காரர் குனிந்து காதைச் சாய்த்தார்,
முகத்தில் சந்தேகம்.
"அடியில என்னமோ ஒரு சத்தம்
வந்துக்கிட்டே இருக்குதுங்களே?"

அது இருக்கோணுமுங்க, என்றேன்.