மூன்றாவது பாட்டில் பதினோரு விநாடி

நாலே பாட்டு. மொத்தம் பத்தொன்பது நிமிடம்.
மூன்றாவதன் தொடக்கத்தில் பதினோரு விநாடி
என் குரல்:
"ஏ ஜெயசிங், சமாதானபுரத்துல நிக்கேன்.
மழ வருது. நீ வரலைன்னா பஸ் ஏறிருவேன்.
சரியா. வச்சிரட்டா?"

அவன் வரவில்லை.
பெருமாள்புரத்தில் மாடியறை ஒன்றில்
கிட்டாரின் இரண்டு தந்திகளைத் தளர்த்திக்கொண்டிருந்தான்,
உலகத்தின் வேறெந்தப் பாட்டையும்
அதில் வாசிக்க முடியாத அளவுக்கு.

ஈரடுக்கு என்று பெயர் வைத்தார்கள்,
ஜங்ஷன் பாலத்தை நினைத்து.
மேலே ஒரு கிட்டார், கீழே ஒன்று,
அடியில் ரயில் மாதிரி இசக்கிப்பாண்டி.
ஏழு எண்ணி அடிப்பான். எட்டு எங்கலே என்றால்
சிரிப்பான்.
காதர் மைதீன் தந்தியைத் தொடும்போது
சரியாக மூடாத குழாய்
பிளாஸ்டிக் குடத்தில் சொட்டுவது கேட்கும்,
குடம் நிறைய நிறையச் சத்தம் மாறுமே, அது.
ட்ரம்பெட் ஆசீர்.
சாவு வீட்டுக்கு முந்நூறு வாங்கும் பேண்டில் ஊதுகிறவன்.
காதல் பாட்டிலும் அவனுக்கு
பிணம் தெருமுனை திரும்பும்.

ஜெயசிங்குக்குப் பாட வராது.
நகர்ந்துவிட்ட பஸ்ஸின் பின்னால்
பையோடு ஓடுகிறவன் தொண்டை அது.

மேடை ஏறியது மூன்று தடவை.
கல்லூரியில் குத்துப்பாட்டு கேட்டார்கள்.
சர்ச் வாலிபர் கூட்டத்தில்
ஜெபம் பண்ணி அனுப்பிவைத்தார்கள்.
கடைசியாக ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்,
கேட்டவர்கள் பதினொரு பேர்,
அதில் இரண்டு பேர் நாற்காலி அடுக்க வந்தவர்கள்.

சண்டை ஒன்றும் இல்லை.
காதர் தமாமுக்குப் போனான்.
இசக்கிப்பாண்டிக்கு ஸ்ரீபெரும்புதூரில் நைட் ஷிப்ட்.
ஜெயசிங் பேங்க் பரீட்சை எழுதி குண்டூர்.
ஆசீர் இன்னும் ஊதுகிறான். சாவுக்குக் குறைவில்லை.

பிறகு எப்படியோ பரவியது.
கோயம்புத்தூரில் மூன்று பசங்கள்
அந்தத் தளர்ந்த தந்தியைக் காதாலேயே கண்டுபிடித்தார்களாம்.
ஷில்லாங்கில் ஒருத்தி
தமிழ் தெரியாமல் என் பதினோரு விநாடியை
மூச்சு வாங்கும் இடம் உட்பட ஒப்பிக்கிறாளாம்.
சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள்:
வச்சிரட்டா.
இருநூற்று எண்பது ரூபாய். எனக்கு ஒன்றும் வராது.

பதிவில் நான் பஸ் ஏறிப் போய்விடுகிறேன்.
உண்மையில் இரண்டு பஸ்ஸை விட்டேன்.
மூன்றாவதில் ஏறும்போது
துப்பட்டாவைப் பிழிந்தது ஞாபகம் இருக்கிறது,
கண்டக்டர் திட்டியதும்.
அதற்கு மெட்டுப் போட ஆளில்லை.

இப்போது எனக்கு வண்ணார்பேட்டையில் வேலை,
மின்வாரியத்தில் புகார் எடுப்பது.
நேற்று மத்தியானம் தியாகராஜ நகரிலிருந்து ஒரு பையன்:
கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆச்சு, மேடம்.
லைன்மேன் வாராரு, அஞ்சு நிமிசம்னேன்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
அப்புறம் தயங்கி:
மேடம்... வச்சிரட்டான்னு
ஒரு தடவ சொல்லுவீங்களா?

இணைப்பு எண் சொல்லுங்க தம்பி, என்றேன்.

சொன்னான். எழுதினேன். இரண்டு இலக்கம் தப்பாக.
அதற்குள் கரண்ட் வந்துவிட்டது போலிருக்கிறது,
ஆம்ப் ஒன்று உறுமி எழுந்தது,
யாரோ தெரியாமல் தந்தியில் கை பட்டுவிட்டார்கள்.
குடம் முக்கால் நிறைந்திருந்தது.

இன்னும் நாலு பேர் லைனில் காத்திருக்கிறார்கள் என்று
சிவப்பு விளக்கு மினுக்கியது.
மினுக்கட்டும்.