பாதாம் மரம் மட்டும்

கோர்ட்டில் வழக்கு. கப்பல் நங்கூரத்தில்.
கரையிறங்க அனுமதி கிடைத்த
லாட்வியா நாட்டு இரண்டாம் எஞ்சினியர் ஆண்ட்ரிஸ்
ராயபுரம் லாட்ஜில் பதினோரு மாதம் இருந்தார்.
அரிசி, சோப்பு, சிம் கார்டு, வக்கீல் கடிதம்
கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

வந்த வாரமே கேட்டார், இது என்ன காலம்?
வெயில் என்றேன்.
இரண்டு மாதம் கழித்துக் கேட்டார். வெயில் என்றேன்.
கல்மண்டபம் முட்டிவரை தண்ணீரில் நின்றபோது
பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாகக் கேட்டார்.
மழை.
இது முடிந்தால்?
கொஞ்சம் வெயில்.

எங்களுக்கு நான்கல்ல, ஆறு என்று
ஒருநாள் பெருமைக்குச் சொல்லிவிட்டேன்.
கார், கூதிர், முன்பனி, பின்பனி...
எட்டாம் வகுப்பில் ஒப்பித்து ஐந்து மார்க் வாங்கியவன்.
எங்கே, காட்டு என்றார்.
சூரியநாராயணா செட்டித் தெருவில் எதைக் காட்ட?
தண்ணீர் லாரிக்கு வைத்த குட வரிசையையா,
கூரியர் கடை ஏசி சொட்டுகிற பக்கெட்டையா.

அவர் ஊரில் தேதி கேட்கமாட்டார்களாம்.
மரத்தில் அப்போது என்ன இருந்தது என்பார்களாம்:
மொட்டா, இலையா, ஒன்றுமில்லையா.
இங்கே போன வாரமும் போன மாதமும்
ஒரே சட்டை போட்டு வருகின்றன,
எது எப்போது நடந்ததென்று தெரியவில்லை என்றார்.

தை கடைசியில் போன் வந்தது. அவர் அம்மா.
அங்கே மைனஸ் பதினெட்டு.
இறுகிய மண்ணை நெருப்பு மூட்டி இளக்கித்தான்
குழி தோண்டினார்களாம்.
ஃபேனை நிறுத்து என்றார்.
இருவரும் வியர்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்குத்தான் பார்த்தார்,
லாட்ஜுக்குப் பின்னால் கழிவுக் குழாயோரம்
பாதாம் மரம் சிவந்திருந்தது.
வருஷா வருஷம் சிவக்கிறதுதான்.
நான் சைக்கிள் நிறுத்துகிற இடம் அது,
ஒருநாளும் அண்ணாந்ததில்லை.
செங்கல் நிறத்தில் பெரிய பெரிய இலைகள்,
சிலதில் நரம்பு மட்டும் பச்சை.
விழும்போது அட்டை விழுகிற சத்தம்.

தேசம்மா துடைப்பத்தோடு வந்தாள்.
பெருக்க வேணாமாம்க்கா.
"இன்னாத்துக்கு?"
அவங்க அம்மா செத்துட்டாங்க.
"அதுக்கும் இதுக்கும் இன்னா?"
எனக்கும் தெரியாது. நின்றேன்.
துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

மூன்று நாள் கொட்டியது.
படியில் உட்கார்ந்து பார்த்தார்.
பக்கத்து வேம்பு, முருங்கை எல்லாம்
எதுவும் நடக்காதது போல் பச்சையாக நிற்க,
ஒரு மரத்தின் அகலத்துக்கு இலையுதிர்காலம்.

நாலாம் நாள் தேசம்மா பெருக்கிவிட்டாள்,
கால் வழுக்குது, எவனாச்சும் வுழுந்தா
யார் பதில் சொல்றது என்று.
அவர் தலையாட்டினார்.
அதற்குள் கிளை நுனியெல்லாம் தளிர்.
நடுவில் ஒரு குளிர்காலம் வேண்டாமா,
இவ்வளவு அவசரமா என்றார் என்னிடம்,
நான்தான் அவசரப்படுத்தியது போல.

வைகாசியில் வழக்கு முடிந்தது.
தடைக்காலம். காசிமேட்டில் படகுகள்
இடிபட நின்றிருந்த ஒரு விடியலில் ஏறிப்போனார்.
ஆபீஸ் ரெஜிஸ்டரில் தேதி போட்டேன்.
பிறகு லாட்ஜுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து
பக்கத்தில் எழுதினேன்:
பச்சைக் காய், நிறைய.

மேனேஜர் அதை மட்டும் அடித்துவிட்டார்.