சில்லறை

விடிந்ததும் கல்லாவில் இருபது யூரோ குறையும்.
நோட்டு இருந்த இடத்தில் ஒரு முள்மர இலை,
ஓரம் சுருண்டு, இன்னும் ஈரமாய்.

பெல்மல்லட் சாலையில் கடைசி பெட்ரோல் பங்க் இது.
இதற்கப்புறம் சதுப்பு, காற்று,
அதற்கும் அப்புறம் அட்லாண்டிக்.
எனக்குப் பதினேழு முடிந்து நாலு மாதம்.
இரவு வேலைக்குப் பதினெட்டு ஆகவேண்டும்;
கில்ராய் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
குறைந்த பணத்தையும் அப்படித்தான்:
சொல்லாமல் என் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்தேன்.

அவர்களைத் தேவதை என்று கூப்பிடக் கூடாது.
கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
அடுத்த வீட்டார் என்போம்.
அடுத்த வீடு என்பது ஒற்றை முள்மரம் நிற்கும் மேடு.
சாலை போட வந்தவர்கள் இருமுறை அளந்து
இருமுறையும் வளைத்துக்கொண்டு போன மேடு.
இரும்பு அவர்களுக்கு ஆகாது.
எங்கள் பள்ளிக் கதவுகளுக்குப் பித்தளைக் கீல்.
பேருந்தில் அவர்களுக்கென்று மரப்பிடி வைத்த நாலு இருக்கை;
எப்போதும் நாங்களே உட்கார்ந்திருப்போம்.

மூன்று மணிக்கு வருவான் ஃபியாக்.
கண் இமைக்காது, கால் நிலத்தில் பாவாது
என்பதெல்லாம் பார்க்காதவர்கள் சொன்னது.
அவன் காலணியில் சேறு. கண்ணில் தூக்கம்.
பம்ப் பக்கம் வராமல் சுவரோரமாக நடந்து,
தானியங்கிக் கதவு தன்னைக் கவனிக்கட்டும் என்று
கையை ஆட்டியபடி நிற்பான்.
சில இரவு அது கவனிக்காது.
நான் எழுந்துபோய்த் திறப்பேன்.
பால் இரண்டு, ரொட்டி ஒன்று, உப்பில்லாத வெண்ணெய்.
பதினொரு யூரோ. நீட்டுவது இருபது.
மீதி ஒன்பதை உள்ளங்கையில் வைத்து
இரண்டு முறை எண்ணுவான்.
எண்ணுகிற அந்த நேரத்துக்காகவும்தான்
நான் வாயைத் திறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பதினேழாம் இரவு
பதினாறு இலைகளைக் கவுண்டரில் பரப்பினேன்.
"என்ன இது?"
"உன் பணம்."
அவன் காதுநுனி சிவந்தது. ரொட்டியை வைத்துவிட்டுப்
போய்விட்டான். கதவு உடனே திறந்தது,
வேண்டாத நேரத்தில்.

நாலு இருபதுக்குத் திரும்பி வந்தான்,
மழையில் நனைந்து, கையில் ஒரு கம்பளிக் காலுறை.
கவிழ்த்தான். நத்தை ஓடுகள்.
சிறிது, பெரிது, ஒன்றிரண்டு உடைந்தது.
"உன் சில்லறை," என்றான்.
"வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இப்படி ஆகிவிடும்.
அம்மா எண்ணி வாங்குவாள்.
குறைவதை என் கூலியிலிருந்து போட்டேன்."

வேலிப்புதர்களுக்கு விடியுமுன் பனித்துளி வைப்பது அவன் வேலை.
துளிக்கு இவ்வளவு என்று கூலி.
காற்றடித்து உதிர்ந்தவை கணக்கில் வராது.

"ஏன் கேட்கவில்லை?"
"கேட்டால் உன்னைத் திருடி என்றதாகிவிடும்."

இரண்டு மாதமாக என் வாயில் இருந்த வாக்கியம் அது,
அவன் எடுத்துச் சொல்லிவிட்டான்.

ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.
அவன் தரவேண்டியது முந்நூற்று இருபது,
நான் தரவேண்டியது நூற்று நாற்பத்து நாலு.
கழித்தால் நூற்று எழுபத்தாறு, எனக்கு வரவு.
எதில் தருவது என்றுதான் தெரியவில்லை.
இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும்
மாறாமல் போய் வருவது எது?
ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தோம்.
தேயிலைப் பை பாசியானது.
தீக்குச்சி ஒரு குளவியாகி அவன் தம்பியைக் கொட்டியது.
அவன் தந்த வெள்ளி மணி
காலையில் என் பையில் வெறும் ஆலங்கட்டி.
பொத்தான் மட்டும் பொத்தானாகவே போய்
பொத்தானாகவே திரும்பி வந்தது.
ஏன் என்று அவனுக்கும் தெரியாது.

ஒரு பொத்தான் மூன்று யூரோ என்று பேசிக்கொண்டோம்.
கடன் இன்னும் முடியவில்லை. கில்ராயின் கல்லாவில்
இப்போதும் என் பணம்தான் விழுகிறது.
ஆனால் மீதிச் சில்லறை சரியாகக் கொடுக்கிறேன்,
அவன் இரண்டு முறை எண்ணுகிறான்.

நவம்பர் பிறந்துவிட்டது.
என் கோட்டில் ஒரு பொத்தான்கூட இல்லை.
கடலிலிருந்து வரும் காற்று
நேராக உள்ளே வருகிறது.