பாஸ் படிவத்தில் மூன்று பெட்டி

ஊரடங்கு, நாற்பதாம் நாள்.
ஓர்ஸ் ஹில் அறையில் நானும்
ஆயிரத்து நூறு பேரின் கன்னத்து எச்சிலும்,
காய்ந்து, உறைகளில், எண்களாக.

மாசியில் சந்தையடியில் மேசை போட்டு
வாயைத் திறவுங்கள் என்று கெஞ்சினோம்.
இப்போது வாயென்றாலே ஊர் விலகுகிறது.

கொழும்பிலிருந்து செய்தி: 847 பொருந்துகிறது.
நோயாளிக்கு ஆறு வயது.
அதற்குமேல் எனக்குச் சொல்லமாட்டார்கள்;
அதையும் நான் அவரிடம் சொல்லக்கூடாது.

847, நௌஸாத், கிண்ணியா, ஐஸ் வாடி.
முதல் இலக்கம் பாவனையில் இல்லை.
இரண்டாவதை மச்சான் எடுத்தான், கடலுக்கென்றான்.
கடலே பூட்டிக் கிடந்தது.
மூன்றாம் நாள் அவரே:
"நெக்டோ தந்தீங்களே, அதுக்குத்தான் பேர் குடுத்த.
இப்ப உண்மையாவே வேணுமா?"

வேணும்.

கொஞ்ச நேரம் ஒரு மின்விசிறி மட்டும் கேட்டது.
"நோன்பு துறந்துட்டு வரட்டா?"

பாஸ் படிவத்தில் மூன்று பெட்டி:
சாப்பாடு, மருந்து, மரணம்.
கொடுக்கப் போகிறவனுக்கு இடமில்லை.
மருந்தில் அடையாளமிட்டேன், பொய்யில்லை.

பாலத்தடிச் சிப்பாய் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஸ்டெம் செல்லுக்குச் சிங்களம் தெரியாது எனக்கு.
"லே" என்றேன். இரத்தம்.
கிட்டத்தட்ட.
தடுப்பை இழுத்தான்.

வான் கொழும்புக்குப் போய்விட்டது.
வெறும் வீதியில் இரண்டு மான்கள்
நகரசபைத் தொட்டியை மோந்துகொண்டு நின்றன.
அறைக்குத் திரும்பிப் பதிவேட்டை மூடப்போனேன்.
846 என்னுடையது.
நோகாது என்று காட்ட
அவருக்கு முன்னால் வாய் திறந்தவள் நான்தான்.
அதை இன்னும் யாரும் கேட்கவில்லை.